முகத்துவாரம் உடைகிற நாள்

17 ஆகஸ்ட் 1967, வியாழன்

நாலு படமும் திரும்பி வந்துவிட்டன. போட்டோ கண்காட்சிக்காரர்கள் பெரிய மனது பண்ணி ஒரு வரி எழுதியிருக்கிறார்கள்: 'வேலைப்பாடு சுத்தம். ஆனால் உயிர் இல்லை.' உயிர் இல்லையாம்! மண்டபத்துக்குள் மின்விசிறிக்கடியில் உட்கார்ந்துகொண்டு இவர்கள் உயிர் தேடுகிறார்கள்.

கோவளம் மாதா கோவிலைத் தாண்டி வடக்கே நடந்தால் முட்டுக்காட்டு முகத்துவாரம் வரை ஒரு மைல் சொச்சம் மணல். ஒரு பக்கம் கடல், ஒரு பக்கம் உப்பங்கழி. இந்த ஒரு மைலைத்தான் ஒன்பது வருஷமாகப் படம் எடுத்துக்கொண்டிருக்கிறேன். தாம்பரத்திலிருந்து வண்டலூர், கேளம்பாக்கம் வழியாக சைக்கிள் மிதித்துப் போய், மிதித்துத் திரும்பி, மறுநாள் ஆபீஸில் முதுகைப் பிடித்துக்கொண்டு உட்காருகிறேன். 'உலகத்துல வேற எடமே இல்லையா மச்சான்?' என்று லாசரஸ் கேட்கிறான். என் மனைவி சௌந்தரியின் அண்ணன், எங்கள் சர்ச் சபையின் செயலாளர். அவனுக்கு நான் என்ன சொல்வது?

எனக்கே சொல்லிக்கொள்கிறேன். வருஷத்தில் பாதி நாள் மணல் திட்டு முகத்துவாரத்தை அடைத்துக் கிடக்கும். ஐப்பசி, கார்த்திகை மழையில் கழி நிரம்பி நிரம்பி, ஒரு நாள் தாங்காமல் திட்டு உடையும். அடைபட்ட தண்ணீர் கடலுக்குள் பாயும். உடைவதற்கு முந்தைய படம் பெட்டி நிறைய இருக்கிறது. உடைந்த பிறகு எடுத்ததும் பெட்டி நிறைய இருக்கிறது. உடைகிற படம் ஒன்றுகூட இல்லை. நான் அதைக் கண்ணால் பார்த்ததே இல்லை.

இந்த வருஷம் விடுவதில்லை.

2 அக்டோபர் 1967, திங்கள்

காந்தி ஜயந்தி விடுமுறை. போய்விட்டு வந்தேன். முகத்துவாரம் அடைத்துத்தான் கிடக்கிறது. கழியில் முழங்கால் தண்ணீர்கூட இல்லை.

கிளியம்மாளைப் பார்த்து ஓர் ஏற்பாடு செய்துகொண்டு வந்தேன். கோவளத்துக்காரி, இறால் கூடை எடுத்துக்கொண்டு பஸ்ஸில் தாம்பரம் மார்க்கெட்டுக்கு வருகிறவள். அவள் புருஷன் பொன்னுரங்கம் கழியில் வலை வீசுகிறவன். தண்ணீர் ஏறி உடைகிற பதம் வந்ததும் அவள் என் வீட்டில் வந்து சொல்லிவிட வேண்டும்.

'ஒடயறத போட்டோ புடிச்சி இன்னா சார் பண்ணப் போற?' என்று கேட்டாள்.

'பார்க்கத்தான்.'

'பாக்குறதுக்கு நேர்ல வந்து பாத்துட்டுப் போயேன். பொட்டி எதுக்கு?'

ஆளாளுக்கு என்னைக் கேள்வி கேட்பதில் குறைச்சல் இல்லை.

26 அக்டோபர் 1967, வியாழன்

மழை. ரயில் பல்லாவரத்தில் நின்றுவிட்டது. நனைந்த கூட்டம், நனைந்த குடைகள், எல்லாரும் மழையைத் திட்டிக்கொண்டிருந்தார்கள். நான் ஒருவன்தான் உள்ளுக்குள் 'பெய், இன்னும் பெய்' என்று சொல்லிக்கொண்டு நின்றேன்.

10 நவம்பர் 1967, வெள்ளி

கிளியம்மாள் வந்தாள். கூடையைக்கூட இறக்கவில்லை.

'சார், தண்ணி கட்டிகினு கீது. நாளைக்கோ நாளன்னிக்கோ மொகம் ஒடஞ்சிடும்னு எங்க வூட்டுக்காரரு சொல்லச் சொன்னாரு.'

ஆபீஸுக்குப் போனதும் நாளைக்கு லீவு வேண்டும் என்று மேனேஜர் லக்ஷ்மிநாராயணனிடம் கேட்டேன். 'என்ன விசேஷம்?' என்றார். சொன்னேன். மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். 'மணல் ஒடையறதுக்கு லீவா? ரூல்ல இடமில்லையே ஐயா.' சரி, எனக்கு நாளை வயிற்றுப்போக்கு. அதற்கு ரூலில் இடமிருக்கிறது.

மகள் சரோஜினிக்குக் கொஞ்சம் உடம்பு சுடுகிறது. தொண்டை வலிக்கிறதாம். மழையில் ஆடினால் வராமல் என்ன செய்யும்? 'நாளைக்குப் போகத்தான் வேணுமா?' என்று பள்ளிக்கூட நோட்டுகளைத் திருத்திக்கொண்டே சௌந்தரி கேட்டாள். நான் பிலிம் மாட்டிக்கொண்டிருந்தேன்.

13 நவம்பர் 1967, திங்கள்

எங்கே ஆரம்பிப்பது.

சனிக்கிழமை விடிவதற்கு முன் கிளம்பினேன். கேளம்பாக்கம் தாண்டுகிறபோதே எதிரே வந்த உப்பளத்து ஆள், 'விடிகாலையிலே ஒடஞ்சிகிச்சு சார்' என்றான். நான் போய்ச் சேர்ந்தபோது கடலும் கழியும் ஒன்றாகக் கலந்து ஒன்றுமே நடக்காதது போலக் கிடந்தன. இருந்தாலும் விட மனதில்லை. கரைகள் சரிந்துகொண்டிருந்தன, அவற்றையாவது எடுப்போம் என்று பொழுது சாய்கிற வரை இருந்துவிட்டேன்.

வீடு பூட்டியிருந்தது. பக்கத்து வீட்டுக் காமு அம்மாள்தான் சொன்னாள்: 'குழந்தைக்கு மூச்சு முட்டிப்போச்சு. டீச்சர் தனியா ரிக்ஷா வெச்சுண்டு ஆஸ்பத்திரிக்குத் தூக்கிண்டு ஓடினா.'

நானும் ஓடினேன். தொண்டை அடைப்பான் நோயாம். எட்டு வயதுக் குழந்தையின் கழுத்தில் குழாய். சௌந்தரி சுவரோரம் பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். என் கால்சட்டை மணலைப் பார்த்தாள். திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.

'பிழைச்சு வந்தா உங்க காமிராவைக் காணிக்கையாக் கொடுத்துடறேன்னு ஆண்டவருக்கு நேர்ந்துட்டேன்' என்றாள்.

நான் எதுவும் பேசவில்லை. பேசுகிற நிலையிலா இருந்தேன்?

25 நவம்பர் 1967, சனி

சரோஜினி வீட்டுக்கு வந்துவிட்டாள். குரல் இன்னும் கீச்சென்று வருகிறது. ஆண்டவருக்கு ஸ்தோத்திரம். காமிராவைப் பற்றி யாரும் வாய் திறக்கவில்லை. நானும் திறக்கவில்லை.

26 ஜனவரி 1968, வெள்ளி

மறுபடி போனேன். வெயில் நல்ல சாய்வு. அலை போட்டுவிட்டுப் போன வரிகளை எடுத்தேன். கிளம்பும்போது சௌந்தரி டிபன் டப்பா கட்டிக் கொடுத்தாள். ஆனால் வாசல் வரை வரவில்லை.

மறந்திருப்பாள். ஆஸ்பத்திரியில் பயத்தில் ஆயிரம் சொல்வார்கள்.

12 செப்டம்பர் 1968, வியாழன்

மறக்கவில்லை!

இன்று லாசரஸ் வந்து, அடுத்த மாதம் அறுப்பின் பண்டிகை, யார் யார் என்னென்ன காணிக்கை என்று கேட்டான். எப்போதும் நாங்கள் ஒரு பூசணிக்காயும் ஒரு சேவலும் கொடுப்போம். ஆராதனை முடிந்ததும் பந்தலில் எல்லாக் காணிக்கையும் ஏலம். பணம் கோவில் கட்டட நிதிக்கு. சௌந்தரி அடுப்பங்கரையிலிருந்து எட்டிக்கூடப் பார்க்காமல் சொன்னாள்: 'ஒரு காமிரா, அண்ணா.'

லாசரஸ் என்னைப் பார்த்தான். நான் அவனைப் பார்த்தேன். அந்த ரோலிகார்டு காமிரா, ஆஸ்திரேலியா போன ஆங்கிலோ இந்திய டிரைவரிடம் நான் கெஞ்சி வாங்கியது. அதற்காக இரண்டு வருஷம் மத்தியானச் சாப்பாட்டைப் பன்னும் டீயுமாக முடித்திருக்கிறேன். அதைப் பூசணிக்காய்க்குப் பக்கத்தில் வைத்து ஏலம் போடப் போகிறார்கள்.

கத்தினேன். 'அடுத்தவன் பொருளை நேர்றது எந்த ஊரு நியாயம்? உன் வளையலை நேர்ந்திருக்கக் கூடாதா?'

'வளையல் போனா எனக்கு வருத்தமே இல்லைங்க' என்றாள். 'வருத்தமில்லாததைக் கொடுத்தா அது காணிக்கையா?'

'வருத்தம் எனக்கு. காணிக்கை உனக்கா?'

அவள் அரிசி களைய ஆரம்பித்தாள்.

15 செப்டம்பர் 1968, ஞாயிறு

ஆராதனை முடிந்து பாதிரி ஐயரைத் தனியே பிடித்தேன். விஷயத்தைச் சொன்னேன். ஒருவர் உடைமையை இன்னொருவர் நேர முடியுமா என்று கேட்டேன். அவர் தாடையைத் தடவிக்கொண்டு நிதானமாகக் கேட்டார்:

'அவங்க சொன்ன அன்னைக்கு நீங்க என்ன சொன்னீங்க தம்பி?'

'ஒண்ணும் சொல்லலைங்க ஐயா.'

'அப்ப முடிஞ்சுது. மனைவி பண்ணின பொருத்தனையை, அதாவது நேர்த்திக்கடனை, கேட்ட அன்னைக்கே புருஷன் வேண்டாம்னு சொல்லிட்டா அது செல்லாது. கேட்டுட்டுச் சும்மா இருந்தா நிலைச்சுடும். மோசே காலத்துச் சட்டம்.'

கழுத்தில் குழாய் வைத்த பிள்ளையைப் பார்த்துக்கொண்டு நிற்கிறவன் சட்டத்தையா யோசிப்பான்? ஒரு வார்த்தை. 'வேண்டாம்' என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். வாயில் என்ன கொழுக்கட்டையா இருந்தது எனக்கு?

சரி. ஏலம்தானே. நானே கேட்டு எடுக்கிறேன்.

13 அக்டோபர் 1968, ஞாயிறு

இப்படி ஓர் அவமானம் எந்த மனிதனுக்கும் வேண்டாம்.

பந்தலில் ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம். லாசரஸ்தான் ஏலம் விடுகிறவன். வாழைத்தார், முட்டை, கேக், கோழி எல்லாம் போனபின் என் காமிராவை உயரத் தூக்கிக் காட்டினான். தோல் உறை பளபளவென்று இருந்தது. சௌந்தரி துடைத்து வைத்திருக்கிறாள்.

நான் முதலில் கேட்டேன். உடனே பின்னாலிருந்து சம்பத் கேட்டான். ரயிலடியில் புதிதாக ஸ்டூடியோ திறக்கிறவன், சபையைச் சேர்ந்தவன்கூட இல்லை. ஏலம் என்று கேள்விப்பட்டு வந்திருக்கிறான். அவன் ஏற்ற, நான் ஏற்ற, கையிலிருந்தது, சட்டைப் பையிலிருந்தது, அடுத்த மாதச் சம்பளம் என்று மனதுக்குள் எல்லாவற்றையும் கூட்டிக்கொண்டு ஏறினேன். சம்பத் ஓய்ந்தான். லாசரஸ் 'ஒரு தரம்... ரெண்டு தரம்...' என்று இழுத்தான். மூச்சு வந்தது எனக்கு.

பெண்கள் பக்கத்திலிருந்து ஒரு குரல் பத்து ரூபாய் கூட்டிக் கேட்டது.

சௌந்தரி! எழுந்து நின்றுகொண்டு!

எனக்குக் கண் தெரியவில்லை. யார், என்ன என்று யோசிக்காமல் நானும் பத்து கூட்டினேன். அவள் கூட்டினாள். நான் கூட்டினேன். பந்தல் முழுக்கச் சிரிப்பு. சேவலைக் கையில் வைத்திருந்தவர்கள் அதை நழுவ விட்டுவிட்டுச் சிரித்தார்கள். லாசரஸ் நிறுத்தியிருக்கலாம். அவனா நிறுத்துவான்? 'குடும்ப விவகாரத்தை வீட்ல வெச்சுக்குங்க மச்சான், இங்க தொகையைச் சொல்லுங்க' என்றான். கட்டட நிதிக்கு இன்றைக்கு நல்ல அறுவடை.

கடைசியில் நான் கேட்பதை நிறுத்திக்கொண்டேன். மூன்று தரம். காமிரா பெண்கள் பக்கம் போயிற்று.

14 அக்டோபர் 1968, திங்கள்

நேற்று சாப்பிடவில்லை. இன்று காலை காபியோடு வந்து எதிரில் நின்றாள்.

'ஏன் எனக்கு எதிராக் கேட்டே?'

'நீங்க எடுத்தா, உங்க கையிலேருந்து போனது உங்க கைக்கே திரும்பி வருது. அப்ப நான் கொடுத்தது என்ன? வெறும் கண்ணாமூச்சி. அந்தச் சம்பத் எடுத்தா உங்க மூஞ்சியை நான் காலம் பூரா பார்க்கணும். அதான் தபாலாபீஸ்ல சேர்த்து வெச்சிருந்த பணத்தை முன்னாடியே எடுத்து வெச்சு நானே வாங்கிட்டேன்.'

'அப்ப காமிரா யாருது?'

'என்னுது.'

'எனக்கு வேணும்னா?'

'கேளுங்க. தர்றேன். ஆனா நீங்க போற எடத்துக்கு நானும் வருவேன். என் பொருள் எங்கே போகுதுன்னு எனக்குத் தெரியணும்.'

பதினோரு வருஷக் குடித்தனத்தில் இவள் இப்படி வக்கீல் மாதிரி பேசி நான் கேட்டதில்லை.

30 நவம்பர் 1968, சனி

முகத்துவாரம் பத்து நாளைக்கு முன்பே உடைந்துவிட்டது. நான் ஆபீஸில் பைலைக் கட்டிக்கொண்டு அழுதேன். இன்று ஒரு நாள் லீவு போட்டு, தாயையும் மகளையும் பஸ்ஸில் அழைத்துக்கொண்டு போனேன். தனியாகப் போகிற சுகமே போச்சு. ஒருத்திக்குப் பசி, ஒருத்திக்குச் செருப்பில் மணல்.

'இங்க வந்து என்ன பண்ணுவீங்க?' என்று சௌந்தரி கேட்டாள்.

'காத்திருப்பேன்.'

'எதுக்கு?'

'வெளிச்சத்துக்கு.'

'வந்துதான் இருக்கே வெளிச்சம்!'

கொஞ்ச நேரம் கழித்துக் காமிராவைக் கேட்டாள். அவளுடையது, மறுக்கவா முடியும்? கழுத்தில் மாட்டிக் குனிந்து கண்ணாடிக்குள் பார்த்தாள். இந்தக் காமிராவில் இடம் வலமாகத் தெரியும். 'படகு அந்தப் பக்கம் போகுது, இதுல இந்தப் பக்கம் வருதே' என்று அதன் பின்னாலேயே திரும்பித் திரும்பி நடந்து, முழங்கால் தண்ணீரில் இறங்கிவிட்டாள். சரோஜினி விழுந்து விழுந்து சிரித்தாள். எனக்கு வயிறு எரிந்தது: பிலிம் விற்கிற விலையில் இவள் கரையேறி வந்து நண்டு வளையை எடுக்கிறாள். எதிரே கடல் இருக்கிறது, இவள் குனிந்து நண்டு வளையை எடுக்கிறாள்!

22 மார்ச் 1969, சனி

அவளுக்குப் பள்ளிக்கூடம் சனிக்கிழமை லீவு. எனக்கு ஆபீஸ். இன்று அவளும் சரோஜினியும் மட்டும் போய்வந்தார்கள். அவள் சொன்னாள், 'கிளியம்மா வீட்ல சோறு போட்டாங்க.' பத்து வருஷமாகப் போகிறேன். எனக்கு ஒரு தம்ளர் மோர் கொடுத்தவர் கிடையாது.

4 டிசம்பர் 1969, வியாழன்

நேற்று உடைந்ததாம். நேற்று எனக்கு ஆடிட். அவளுக்குப் பரீட்சை மேற்பார்வை. இதற்கு மேல் எழுதினால் நிப்பு உடையும்.

14 ஆகஸ்ட் 1970, வெள்ளி

கண்காட்சிக்கு மூன்று படம் என்னுடையது அனுப்பினேன். கூட ஒன்று அவளுடையதும், போகட்டும் என்று அனுப்பி வைத்தேன். என்னுடையவை மூன்றும் வீட்டுக்கு வந்துவிட்டன. அவளுடையது சுவரில் தொங்குகிறது.

நண்டு வளை! வளையைச் சுற்றி நண்டு உருட்டிப் போட்ட மணல் உருண்டைகள், மேலே ஓரத்தில் ஒரு பட்டை கடல். அவ்வளவுதான். அதன்மேல்தான் நான் பன்னிரண்டு வருஷமாகச் செருப்புக் காலோடு நடந்துகொண்டிருக்கிறேன். கீழே அட்டையில்: 'திருமதி ஞானசௌந்தரி தனசிங், தாம்பரம்.' என் பெயர் கண்காட்சிக்குள் நுழைந்துவிட்டது, அவள் பெயருக்கு வாலாக.

அந்தப் பிரிண்டைக் குளியலறையில் விளக்கை மூடி வைத்துக்கொண்டு போட்டது யார்? நான். நாலு தாள் வீணாக்கி, கடல் பட்டைக்கு வெளிச்சம் ஏறாமல் ஒரு கை மறைப்புக் கொடுத்து, அந்த உருண்டைகள் ஒவ்வொன்றும் எழுந்து நிற்கிற மாதிரி போட்டது நான். அதை எந்த அட்டையிலும் எழுதமாட்டார்கள்.

நல்ல படம். அதுதான் கோபம்.

18 டிசம்பர் 1970, வெள்ளி

இந்த வருஷம் மழை போதவில்லை. மண்வெட்டியால் வாய்க்கால் வெட்டித் தண்ணீரைத் திறந்து விட்டார்களாம். அது கணக்கில் சேராது.

சரோஜினி கேட்டாள், 'ஏம்ப்பா, ஒடையறதைப் பார்த்துட்டா அப்புறம் அங்கே போகமாட்டியா?' குழந்தை கேட்கிற கேள்வியா இது!

19 நவம்பர் 1971, வெள்ளி

நான்கு நாளாக விடாத மழை. சாயங்காலம் கிளியம்மாள் நனைந்துகொண்டு வந்து நின்றாள்.

'சார், கழி ததும்பிகினு கீது. நாளைக்குப் பொழுது சாயறதுக்குள்ள ஒடஞ்சிடும். எங்க வூட்டுக்காரரு திட்டு மேல கால வெச்சாராம், மணலு கொழகொழன்னு ஆடுதாம். இந்த வாட்டி உட்டா உன் பாடு பேஜார்தான்.'

கிளியம்மாளுக்கு என் பாடு புரிந்துவிட்டது.

ஓடினேன் ஆபீஸ் நண்பர் வீட்டு டெலிபோனுக்கு. லக்ஷ்மிநாராயணன் கிடைத்தார். 'நாளைக்கு வயித்துப்போக்கா ஐயா?' என்றார். 'இல்லை சார், முகத்துவாரம்' என்றேன். 'போய்ட்டு வாரும். வருஷா வருஷம் டிசம்பர்ல உம்ம மூஞ்சியைப் பார்க்க எனக்கும் முடியலை.'

லீவு! பொய் சொல்லாமல் லீவு!

பிலிம் மாட்டியாகிவிட்டது. இன்னொன்று பையில். சௌந்தரி, 'நாளைக்குக் காமிரா உங்க கழுத்துல. நான் குடை பிடிக்கிறேன்' என்றாள். மூன்று பேரும் முதல் பஸ். தூக்கம் வரப்போவதில்லை.

20 நவம்பர் 1971, சனி

நான் போகவில்லை.

விடிந்ததும் சரோஜினி எழுந்திருக்கவில்லை. வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டு கிடந்தாள். வலி என்றாள், எங்கே என்றால் சொல்லத் தெரியவில்லை. காய்ச்சல் இல்லை. நேற்று பள்ளிக்கூட வாசலில் ஏதோ தின்றிருப்பாள். நான் காமிராவைக் கழுத்தில் மாட்டி, பையை எடுத்தாகிவிட்டது. சௌந்தரி புடவைத் தலைப்பைச் செருகிக்கொண்டு சொன்னாள்:

'நீங்க கிளம்புங்க. நான் இருக்கேன்.'

வாசற்படி வரை வந்தேன். மழை விட்டு வானம் வெளுத்திருந்தது. இதைவிட நல்ல நாள் வராது. திரும்பிப் பார்த்தேன். சௌந்தரி குழந்தையின் நெற்றியில் கை வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். என்னைப் பார்க்கவேயில்லை.

காமிராவைக் கழற்றி அவள் கழுத்தில் மாட்டினேன்.

'நீ போ.'

'விளையாடறீங்களா? பதிமூணு வருஷமா...'

'தெரியும். பஸ் போயிடும். குடையை எடுத்துக்கோ.'

'எனக்கு அவ்வளவு சரியா எடுக்க வருமாங்க?'

'வரும். போ, போ.'

போய்விட்டாள். பெருமையாக எழுதிக்கொள்ள ஒன்றுமில்லை. பஸ் கிளம்புகிற சத்தம் ரோட்டில் கேட்டதும் என்னை நானே கண்டபடி திட்டினேன். ஏன் அப்படிச் சொன்னேன்? கோவளத்துக்குப் போயிருந்தால் அங்கே நின்றுகொண்டு வீட்டையேதான் நினைத்துக்கொண்டிருப்பேன். அப்படி நினைக்காமல் ஒரு தடவை நின்றாகிவிட்டது. இன்னொரு தடவை என்னால் முடியாது, அவ்வளவுதான்.

ஓமத்தண்ணீர் கொடுத்தேன். வெந்நீர் ஒத்தடம் கொடுத்தேன். கொஞ்சம் தூங்கினாள். பிறகு எழுந்து குளியலறைக்குள் போனவள் வெளியே வரவில்லை. கூப்பிட்டேன். அழுகைச் சத்தம்.

'அப்பா, நீ உள்ளே வராதே. அம்மா எப்ப வரும்?'

'என்னம்மா ஆச்சு? விழுந்துட்டியா?'

'வராதேன்னு சொல்றேன்ல!'

கதவுக்கு வெளியே மடையன் மாதிரி நின்றுகொண்டிருந்தேன். எத்தனை நேரம் கழித்துப் புரிந்தது என்று எழுத வெட்கமாக இருக்கிறது. புரிந்ததும் காமு அம்மாள் வீட்டுக்கு ஓடினேன். அவள் வந்து, கதவைச் சாத்திக்கொண்டு, உள்ளே ஏதோ மெல்லப் பேசி, பிறகு சிரித்துக்கொண்டே வெளியே வந்தாள்.

'பயப்படாதீங்கோ. உங்க பொண்ணு பெரியவளாயிட்டா. டீச்சர் எங்கே?'

'கோவளம்.'

'நல்ல நாள் பார்த்தா! தாயார் பக்கத்துல இருக்க வேண்டிய நேரமாச்சே இது!'

'நான் இருக்கேன்ல?' என்றேன். கொஞ்சம் உரக்கவே சொல்லிவிட்டேன்.

காமு அம்மாள் சரோஜினிக்குத் தலைக்கு ஊற்றி, புதுப் பாவாடை கட்டிவிட்டு, உளுந்து களி கிண்டப் போனாள். சரோஜினி அறைக்குள் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். என் முகத்தைப் பார்க்கமாட்டேன் என்கிறாள். நேற்று வரை என் முதுகில் ஏறிக்கொண்டிருந்த பெண். நான் கதவுக்கு இந்தப் பக்கம் தரையில் உட்கார்ந்துகொண்டேன். என்ன பேசுவது என்று தெரியாமல், இருட்டில் பிலிம் கழுவுவது எப்படி என்று சொல்லிக்கொண்டிருந்தேன். 'எனக்குத் தெரியும்ப்பா' என்று உள்ளேயிருந்து பதில் வந்தது. பிறகு, 'ஆனா சொல்லு' என்றாள்.

மத்தியானத்துக்கு மேல் எனக்கு ஆத்திரம் ஏற ஆரம்பித்தது. அவள் இங்கே இருந்திருக்க வேண்டும். நான் அங்கே இருந்திருக்க வேண்டும். இந்த நேரம் திட்டு உடைந்துகொண்டிருக்கும். நான் இங்கே களி கிண்டுகிற வாசனையில் உட்கார்ந்திருக்கிறேன். அவள் வந்ததும் என்னென்ன கேட்க வேண்டும் என்று மனதுக்குள் அடுக்கி வைத்தேன். 'பெத்த பொண்ணு இப்படிக் கிடக்கும்போது...' என்று ஆரம்பிப்பதாக இருந்தேன். நல்ல ஆரம்பம். நாலு வருஷத்துக்கு முன் அவள் என்னிடம் சொல்லியிருக்க வேண்டியது, சொல்லாமல் விட்டது.

விளக்கு வைக்கிற நேரத்துக்கு வந்தாள். தலையெல்லாம் நனைந்து, புடவைக் கரையில் மணல் அப்பி, ஒரு செருப்பு இல்லாமல். படியேறும்போதே ஆரம்பித்துவிட்டாள்.

'ஒடஞ்சுதுங்க! நான் பார்த்தேன்! முதல்ல ஒரு கோடுதாங்க. விரலால கிழிச்ச மாதிரி ஒரு கோடு. இவ்வளவுதானான்னு நினைச்சேன். அந்தக் கோட்டுல தண்ணி ஓடி, ஓடி, சத்தமே இல்லை, திடீர்னு ரெண்டு பக்கமும் மணல் அப்படியே உட்காருது. பொன்னுரங்கம், ஓடும்மா ஓடும்மான்னு கத்தறாரு. நான் நின்ன எடமே போயிடுச்சு. செருப்பு போயிடுச்சு. காமிராவைத் தலைக்கு மேல தூக்கிட்டு ஓடினேன். ஆனா அதுக்குள்ள எடுத்துட்டேங்க. ரோல்ல இருந்த பன்னிரண்டும். கடைசி ரெண்டு ஆடியிருக்கும்...'

கையை விரித்து, குவித்து, மணல் எப்படி உட்கார்ந்தது, அலை எப்படி எதிர்த்து வந்து மோதித் திரும்பிப் போயிற்று என்று காட்டிக்கொண்டே போனாள். அவள் இப்படிப் பேசி நான் பார்த்ததில்லை. பொறாமையாக இருந்தது. பொய் சொல்வானேன், நெஞ்சு வலிக்கிற அளவு பொறாமையாக இருந்தது. அடுக்கி வைத்திருந்த வார்த்தைகள் எல்லாம் நாக்கு நுனியில்தான் இருந்தன.

காமு அம்மாள் அடுப்பங்கரை வாசலுக்கு வந்து நின்று வாயைத் திறந்தாள். நான் கையைக் காட்டி நிறுத்தினேன். இரு, அவள் முடிக்கட்டும்.

சௌந்தரி மூச்சு வாங்க நின்றாள். 'இன்னும் என்ன சொல்லணும்? எல்லாம் படத்துல வந்துடும், கழுவிப் பாருங்க' என்றாள்.

'தண்ணி என்ன நிறமா இருந்தது?' என்று கேட்டேன். அது கறுப்பு வெள்ளைப் படத்தில் வராது.

கண்ணை மூடிக்கொண்டு யோசித்தாள். 'கழித்தண்ணி டீ டிகாக்‌ஷன் நிறங்க. கடல் பச்சை. ரெண்டும் சேர்ற எடத்துல ஒரு மாதிரி... சேரவே மாட்டேன்னுது, கொஞ்ச நேரம் பக்கத்துல பக்கத்துல ஓடுது. அப்புறம்தான் கலங்கி ஒண்ணாகுது.'

அதையும் கேட்டுக்கொண்டேன். காமிராவை அவள் கழுத்திலிருந்து கழற்றி, துடைத்து, அலமாரியில் வைத்தேன். அதன் பிறகுதான், 'உள்ளே போய்ச் சரோஜினியைப் பாரு. உன்னைத்தான் தேடிக்கிட்டிருக்கா' என்றேன்.